டவர் இல்லாத காட்டில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

கேள்வி: நண்பர்களோடு மலையேற்றம் போகிறேன். வழியில் மொபைல் டவரே கிடையாதாம். போன தடவை இப்படி ஓர் இடத்தில் போனைத் திறந்தால் நீலப் புள்ளி மட்டும் தெரிந்தது. சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டம். ஜிபிஎஸ்ஸை நம்பிப் போகலாமா?

பதில்: போன தடவை உங்கள் ஜிபிஎஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. வராமல் போனது வரைபடம். அது இணையத்தில் வருவது. புள்ளி வானத்திலிருந்து வருவது.

ஜிபிஎஸ்ஸுக்காகப் போன் செயற்கைக்கோளோடு பேசுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பேசுவதே இல்லை, கேட்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் 'மணி இது, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரத்தைப் போன் கணக்கிடுகிறது. ஒரு மைக்ரோ செகண்டு, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போய்விடும். போனில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அதன் பிழையையும் சேர்த்துக் கணக்குப் போடத்தான் மூன்று கோள்கள் போதாமல் நான்காவது தேவைப்படுகிறது.

கேட்டே இடம் கண்டுபிடிக்கும் இந்த வித்தை 1957இல், சோவியத் யூனியன் ஏவிய உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கோடு தொடங்கியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் கையரும் வைஃபென்பாக்கும் அதன் 'பீப்' ஒலியைப் பிடித்து உட்கார்ந்தார்கள். ரயில் நெருங்கும்போது ஹாரன் ஒரு சுதியில், விலகும்போது இன்னொரு சுதியில் கேட்குமே, அதே மாற்றம் ஸ்புட்னிக்கின் அலைவரிசையிலும் இருந்தது. அதை வைத்தே அதன் பாதையைக் கணக்கிட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு அங்கேயே இருந்த மெக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: கோளின் பாதை தெரிந்தால், கேட்பவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமே? நீர்மூழ்கிகளுக்கு இடம் காட்டும் டிரான்சிட் என்ற செயற்கைக்கோள் அமைப்பு அப்படிப் பிறந்தது. ஆனால் தலைக்கு மேல் ஒரு கோள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கப்பலுக்கு அது போதும், நடப்பவருக்கு உதவாது. ஜிபிஎஸ்ஸின் முதல் கோள் 1978இல் பறந்தது. 2000 மே வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்காவே வேண்டுமென்று பிழையைக் கலந்துவைத்திருந்தது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருவோம். வரைபடத்தை வீட்டிலேயே ஆஃப்லைனாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். டவர் இருக்கும்போதே வெட்டவெளியில் நின்று புள்ளி நிலைக்கும்வரை பாருங்கள். கோள்களின் பாதை விவரம் வானிலிருந்து நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வரும். அரை நிமிடமாவது ஆகும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே இன்னும் இழுக்கும். நெட்வொர்க் இருந்தால் போன் அந்தப் பாதை விவரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வாங்கிவிடும். பாறைச் சுவரை ஒட்டி நிற்காதீர்கள், சிக்னல் அதில் மோதித் திரும்பிவந்து புள்ளியை அலையவிடும். அப்புறம், ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் ஓடும். டவரைத் தேடித்தேடி பேட்டரி தீர்வதும் நிற்கும். கிளம்பும் முன் உங்கள் போனில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். போன் கேட்பதோடு சரி என்பதால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எந்த ஜிபிஎஸ் கோளுக்கும் தெரியாது. புள்ளி உங்களுக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.