சர்க்கரை இருக்கிறது, பாலிசி அறுந்துவிடக் கூடாது: கேள்வி பதில்

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டிலும் நோய் உண்டு. மனைவிக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஐந்து ஆண்டுகளாகச் சிறுநீரகமும் சேர்ந்துகொண்டது. ஆகவே கோப்பைப் புரட்டியவனாகவும் இருந்திருக்கிறேன், கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கவுன்டர் முன் நின்றவனாகவும் இருந்திருக்கிறேன். மருத்துவக் காப்பீடு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, எனக்கு வயது 52, எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. ஏஜென்ட் படிவத்தில் "இல்லை" என்று எழுதச் சொல்கிறார். சில ஆண்டுகள் ஓட்டிவிட்டால் யாரும் கேட்க முடியாதாம். உண்மையா? (கும்பகோணம்)

அவர் சொல்வது அரை உண்மை. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி ஓடிவிட்டால், நோயை மறைத்தார் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது என்பது விதி. 2024 வரை இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஆனால் மோசடி நிரூபணமானால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே "இல்லை" என்று எழுதியது எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே யோசியுங்கள். அந்த ஐந்து ஆண்டுகளுக்குள் உடம்பு படுத்தாது என்று ஏஜென்ட் எழுதித் தருவாரா?

எங்கே பிடிபடுவோம் என்றும் சொல்கிறேன். மருத்துவமனையில் சேர்ந்ததும் பயிற்சி மருத்துவர் ஒருவர் வந்து கேட்பார்: "சர்க்கரை, பிரஷர் ஏதாவது உண்டா? எத்தனை வருஷமாக?" வலியில் இருக்கும் நீங்கள், அல்லது பக்கத்தில் நிற்கும் உங்கள் மனைவி, உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். நாங்கள் கோப்பைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்த ஒற்றை வரியைத்தான்.

சொல்லிவிட்டால் என்ன பலம் என்பதற்கு 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. சர்க்கரை உண்டு என்று எழுதிக் கொடுத்து வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்தவர் ஒருவர். அமெரிக்காவில் அவருக்கு மாரடைப்பு வந்தது, நிறுவனம் கைவிரித்தது. சொல்லப்பட்ட நோயை எடைபோட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காட்டிப் பணம் மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிவத்தை நீங்களே உங்கள் கையால் நிரப்புங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய பாலிசியில் சர்க்கரைக்கு நான்கு ஆண்டு காத்திருப்பு என்று போட்டிருக்கிறது. (நாமக்கல்)

2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்பு, அதாவது அந்த நோய்ச் செலவுக்குப் பணம் தராத தொடக்கக் காலம், 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு எந்தத் தேதியில் முடிகிறது என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒரு பெண் இனிமையாகச் சொன்னது கணக்கில் வராது.

பிரீமியம் கட்ட மறந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது சார். எல்லாம் போய்விட்டதா? (மதுரை)

போகவில்லை. இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பணத்தைக் கட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை கட்டுபவர்களுக்கு 30 நாள் கருணைக் காலம். மாதத் தவணை என்றால் 15 நாள். அதற்குள் கட்டினால் இதுவரை கழித்த காத்திருப்பு ஆண்டுகள் அப்படியே இருக்கும். ஆனால் ஆண்டுப் பிரீமியக்காரர், கெடு முடிந்ததற்கும் பணம் கட்டியதற்கும் நடுவே மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு அவருடையது. தவணையில் கட்டுபவர்களுக்குக் கருணை நாள்களிலும் காப்பு உண்டு.

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன். பிரீமியம் கிரெடிட் கார்டிலிருந்து தானாகப் போகும்படி செய்திருந்தார். கார்டின் ஆயுள் முடிந்து புதுக் கார்டு வந்தது. அதைப் பாலிசியில் மாற்றவில்லை. நினைவூட்டல் எல்லாம் அவர் எப்போதோ கைவிட்ட பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. நாற்பத்தோராவது நாள், மருந்துக் கடையில் நிற்கும்போது எதேச்சையாகக் கார்டைப் பார்த்து நினைவு வந்து எனக்கு போன் செய்தார். ஆறு ஆண்டுத் தொடர்ச்சி போயிற்று. புதிதாக விண்ணப்பித்தபோது சர்க்கரையும் இதயத்தில் ஸ்டென்டும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டிலேயே காலம் தள்ளிய தம்பி ஒருவன் வீட்டில் இருந்தும் இப்படி.

சர்க்கரைக்காரரிடம் இருக்கும் பழைய பாலிசி வெறும் காகிதம் இல்லை. அந்தக் காத்திருப்பு ஆண்டுகளைப் பணம் கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். பிள்ளைகளின் எண்ணையும் பாலிசியில் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். என் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் நடக்கிறது. அடுத்த மாதம் வேலை மாறுகிறேன் அண்ணா. என்ன செய்ய வேண்டும்? (ஓசூர்)

தம்பி, ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் கேட்டிருக்கிறீர்கள், நல்லது. பலர் கடைசி நாள் விருந்து முடிந்த பிறகுதான் கேட்பார்கள்.

குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் பழைய நோய்க்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. அதுதான் அதன் அருமை. ஆனால் நீங்கள் வேலையை விட்டதும் பொதுவாக அம்மாவின் காப்பும் முடிந்துவிடும். புதுக் கம்பெனியிடம் மூன்றைக் கேளுங்கள்: பெற்றோருக்குக் காப்பு உண்டா, சேர்ந்த நாளிலிருந்தா, டயாலிசிஸுக்குத் தனி வரம்பு உண்டா? பெற்றோரைச் சேர்க்க, வேலையில் சேர்ந்த சில வாரங்கள்தான் வாய்ப்பு தருவார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

கூடவே, இப்போதைய குழுக் காப்பீட்டைத் தரும் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு அம்மாவை மாற்றக் கேட்டு எழுதுங்கள். காப்பு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதினால் நல்லது. மாறினால் குழுவில் கழித்த காலம் கணக்கில் வரும். டயாலிசிஸில் இருப்பவரை ஏற்பது அவர்கள் முடிவு, மறுக்கலாம். ஆனால் கேட்காமலே விடுவது தவறு.

இரண்டு வேலைகளுக்கு நடுவே பத்து நாள் ஓய்வு எடுக்கலாம் என்று திட்டம் இருந்தால் கைவிடுங்கள். பத்து நாளில் அம்மாவுக்கு நான்கு டயாலிசிஸ் வந்துவிடும்.

போன ஆண்டு பெரிய கிளெய்ம் வாங்கினேன். இந்த ஆண்டு புதுப்பிக்க மறுப்பார்களா? (திருநெல்வேலி)

கிளெய்ம் வாங்கியதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. காப்புத் தொகையை நீங்கள் கூட்டாத வரை புதிதாக உடல் பரிசோதனை கேட்கவும் முடியாது.

அப்பாவுக்கு 71. பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறது. (ஈரோடு)

இரண்டு செய்திகள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓர் ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வந்திருக்கும் நோட்டீஸை இந்த இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள்.

பிரீமியம் கட்டுப்படியாகவில்லை. கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறலாமா ஐயா? (கோயம்புத்தூர்)

மாறலாம் அம்மா. கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். இப்போது ஐந்து லட்சம் இருந்து அங்கே பத்து லட்சமாக எடுத்தால், பழைய ஐந்து லட்சத்துக்குத்தான் அந்தச் சலுகை. கூடுதல் ஐந்து லட்சத்துக்கு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். புது நிறுவனம் கணவரின் உடல்நிலையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கையில் அவர்களுடைய ஒப்புதல் வரும் வரை பழையதை விட வேண்டாம். மறுத்தால், சத்தமில்லாமல் பழையதையே புதுப்பித்துவிடலாம்.

பிரீமியத்தைக் குறைக்க, அதே நிறுவனத்தில் கிளெய்மில் ஓரளவு தொகையை நீங்களே ஏற்கும் நிபந்தனையோடு விலை குறைந்த திட்டம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

கேஷ்லெஸ் என்றுதானே சொன்னார்கள்? டிஸ்சார்ஜ் அன்று 72,000 கட்டச் சொன்னார்கள். (வேலூர்)

பில்லை அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்தேன். காப்புத் தொகை மூன்று லட்சம். அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை, நான்கு நாள். கூடுதல் 12,000 தானே என்று நினைத்திருப்பீர்கள். அங்கேதான் சிக்கல். அறை வாடகை வரம்பைப்போல் இரு மடங்கு ஆனால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கம், செவிலியர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். உங்கள் பில்லில் அது 1,20,000, கிடைத்தது 60,000. மருந்துக்கும் பொருத்திய உபகரணத்துக்கும் இந்த வெட்டு கிடையாது. அந்த 50,000 முழுதாக வந்திருக்கிறது. அறையில் 12,000, இதில் 60,000. கணக்கு சரியாகவே இருக்கிறது, வருத்தம்தான்.

அடுத்த முறை சேரும்போதே காப்பீட்டு மேசையில் "என் வரம்புக்குள் எந்த அறை?" என்று கேளுங்கள். அந்த வகை அறை காலி இல்லை என்றால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாதாமாதம் மருந்துக்கே நாலாயிரம் ஆகிறது. அதற்குக் காப்பீடு கிடைக்குமா? (காரைக்குடி)

வழக்கமான பாலிசியில் கிடைக்காது; அது படுக்கையில் சேர்வதற்கானது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் வழியாக வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, நானும் வாங்குகிறேன்.

பிரீமியம் கட்டவே வழியில்லாதவர்கள் என்ன செய்வது? (விழுப்புரம்)

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம்; காத்திருப்பு கிடையாது; டயாலிசிஸும் உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு ஓடாதீர்கள், அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

மில்லிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர்கள் பலர் அறியாத ஒன்று: இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் ஐந்து ஆண்டுகளாவது இருந்து பணி ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் மனைவிக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு.

கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்க வேண்டுமா? (சென்னை)

உடனே வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். மறுப்பதற்கு எந்த விதியைச் சொல்கிறார்கள், அவர்களுடைய மறுஆய்வுக் குழு பார்த்ததா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம். ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலுக்கு அங்கே இடமும் இல்லை. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

பழைய காகிதங்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும்? வீடு நிறைந்துவிட்டது. (திருச்சி)

மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் போனில் படமெடுத்துவிட்டுப் பழையதைக் கழிக்கலாம். முதல் பாலிசியின் அட்டவணைப் பக்கம், நோயை முதன்முதலில் கண்டுபிடித்த நாளின் சீட்டு, எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகள், ஒவ்வோர் ஆண்டுப் புதுப்பிப்பு ரசீது இவற்றை மட்டும் தொடாதீர்கள். எங்கள் வீட்டில் இவை ஒரு பழைய புடவைக் கடைப் பையில், அரிசி டப்பாவுக்கு மேல் இருக்கின்றன. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்தாலும் என் மனைவியே கை நீட்டி எடுத்துவிடுவாள்.