வேலை செய்வது நிக்கலா, இரும்பா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இரிடியம், ருத்தீனியம் போன்ற அரிய உலோகங்கள் இல்லாமல் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் நிக்கல் ஹைட்ராக்சைடு வினையூக்கி என் தலைப்பு. நிக்கல் ஃபோம் (நுரைபோல் துளைகள் நிறைந்த நிக்கல் தகடு) மீது படியவைத்து, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓட்டுகிறேன். நாளுக்கு நாள் மின்னோட்டம் கூடிக்கொண்டே போகிறது. வினையூக்கி பக்குவப்படுகிறது, எழுதிவிடலாம் என்கிறார் வழிகாட்டி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதைச் சோதிப்பது? அடுத்து ஹைட்ரஜன் பக்கமும் செய்ய வேண்டும். சுற்றை முடிக்கும் துணை மின்முனைக்குப் பிளாட்டினக் கம்பி போதுமா?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

உங்கள் சந்தேகம் நியாயமானது. நாள்பட நாள்பட மேம்படும் நிக்கல் என்றால் முதலில் தேட வேண்டியது கரைசலில் இருக்கும் இரும்பை. உயர்தூய்மை என்று புட்டியில் எழுதியிருந்தாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு கொஞ்சம் இருக்கும். நிக்கல் ஹைட்ராக்சைடு அதை உறிஞ்சிக்கொள்ளும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே விளைவு தெரியும்.

இந்தக் குழப்பம் பழையது. காரத்தில் வைத்துப் பழக்கும்போது நிக்கல் ஹைட்ராக்சைடு பீட்டா என்ற படிக வடிவத்துக்கு மாறுகிறது, வேகம் கூடுவது அதனால்தான் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இரும்பின் பங்கை 1987இல் காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். 2014இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஷானன் பெட்சரின் குழு, இரும்பு நீக்கிய காரத்தில் அதே பழக்கலைச் செய்து பார்த்தது. வேகம் கூடவில்லை.

அவர்கள் காரத்தைத் தூய்மையாக்கிய முறையையே நீங்களும் செய்யலாம். 50 மில்லிலிட்டர் பாலிப்ரொப்பிலீன் சென்ட்ரிஃபியூஜ் குழாயைக் கந்தக அமிலத்தால் கழுவிக்கொள்ளுங்கள். 99.999 சதவீதத் தூய்மையுள்ள நிக்கல் நைட்ரேட் 2 கிராமை 4 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீரில் கரைத்து, 1 மோலார் காரம் 20 மில்லிலிட்டர் ஊற்றினால் பச்சையாக வீழ்படிவு வரும். சுழற்றி, மேல்நீரை வடித்துவிட்டு, 20 மில்லிலிட்டர் நீரும் 2 மில்லிலிட்டர் காரமும் சேர்த்து மூன்று முறை கழுவுங்கள். பிறகு தூய்மையாக்க வேண்டிய காரத்தைக் குழாய் நிறைய ஊற்றி, பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரமாவது அப்படியே விடுங்கள். மறுபடி சுழற்றினால் மேலே தெளிந்து நிற்பதுதான் உங்களுக்கு வேண்டிய மின்பகுளி. கடைசிச் சொட்டுவரை வடிக்க ஆசைப்பட வேண்டாம், வீழ்படிவுத் துகள்களும் சேர்ந்து வந்துவிடும்.

இதில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். செலவை மிச்சப்படுத்த 98 சதவீத நிக்கல் உப்பை எடுத்தால், இரும்பை நீங்களே கொண்டுவந்து போடுகிறீர்கள். எஃகுக் கரண்டியால் அள்ளினாலும் அதே கதைதான். தூய காரத்தைக் கண்ணாடிக் கலத்தில் ஊற்றினால் காரம் கண்ணாடியை அரித்து, அதிலுள்ள இரும்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கலம் பாலிப்ரொப்பிலீன் அல்லது டெஃப்லானாக இருக்கட்டும்.

நிக்கல் ஃபோமையும் இந்தச் சோதனைக்கு ஒதுக்கிவையுங்கள். அதிலேயே இரும்பு இருக்கலாம், போதாததற்கு அதுவும் நிக்கல்தான், மின்னோட்டம் எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. தங்கத் தகட்டின் மீது மெல்லிய படலம் போட்டு, சாதாரணக் காரத்திலும் தூய காரத்திலும் சைக்ளிக் வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளப்பது) எடுங்கள். இரும்பு புகுந்தால் நிக்கல் ஆக்சிஜனேற்ற முகடு கூடுதல் மின்னழுத்தத்துக்கு நகரும், அதன் பரப்பும் சுருங்கும். தூய காரத்தில் முகடு நகராமல் மின்னோட்டமும் தாழ்ந்தே நின்றால், விடை கிடைத்துவிட்டது.

அப்படி வந்தால் ஆய்வு போய்விட்டது என்று பதற வேண்டாம். தூய காரத்தில் அளந்த இரும்பு நைட்ரேட்டைப் படிப்படியாகச் சேர்த்து வேகம் எப்படி ஏறுகிறது என்று வரையுங்கள். என் பார்வையில் 'பக்குவப்படுகிறது' என்ற அத்தியாயத்தைவிட இது எவ்வளவோ உறுதியானது. ஏறத்தாழ 25 சதவீதம் வரை இரும்பு நிக்கல் அடுக்குகளுக்குள் இடம் பிடிக்கும். அதற்கு மேல் தனி இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடாகப் பிரிந்து நிற்கும். எளிதில் கிடைக்கும் உலோகம் என்ற உங்கள் தலைப்புக்கும் இதனால் பழுதில்லை. புவியோட்டில் நிக்கலைவிடப் பல நூறு மடங்கு அதிகம் இருப்பது இரும்புதான்.

இரும்பை எக்ஸ்பிஎஸ்ஸில் (எக்ஸ் கதிரால் மேற்பரப்பின் தனிமங்களைக் காணும் முறை) தேடும்போது ஒரு பொறி உண்டு. அலுமினியம் கதிர்மூலத்தில் நிக்கலின் ஆகர் முகடு என்ற குறி, இரும்பை அடையாளம் காட்டும் 2பி பகுதி மேலேயே விழும். மக்னீசியம் மூலம் இருந்தால் அதில் எடுங்கள். ஐசிபி-எம்எஸ்ஸில் (அயனிகளை நிறையால் பிரித்து அளக்கும் கருவி) ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி இரும்பு 56ஐப் போலவே நடிக்கும், எனவே அதை விலக்கும் ஹீலியம் மோதல் கலத்துடன் அளக்கச் சொல்லுங்கள்.

ஃபோமில் இன்னொரு தொல்லை: சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் பெறத் தேவையான மிகைமின்னழுத்தத்தை (கோட்பாட்டு அளவுக்கு மேல் தர வேண்டிய மின்னழுத்தம்) மின்னழுத்தம் ஏறும் முன்னோக்கிய ஓட்டத்தில் படித்தால், நிக்கல் தானே ஆக்சிஜனேற்றமடையும் மின்னோட்டமும் கணக்கில் சேர்ந்து, வினையூக்கி உண்மையைவிட நன்றாகத் தெரியும். பின்னோக்கிய ஓட்டத்தில் படியுங்கள், அல்லது மின்னோட்டத்தை நிலையாக வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஹைட்ரஜன் பக்கத்துக்குப் பிளாட்டினக் கம்பி கூடாது. அங்கே அது நேர்மின்வாயாக நிற்பதால் சிறிது சிறிதாகக் கரைந்து, உங்கள் மின்முனையில் வந்து படியும். அப்போதும் இதே போல் மின்னோட்டம் நாளுக்கு நாள் ஏறும். கிராஃபைட் தண்டு போடுங்கள், இரண்டு அறைகளுக்கும் நடுவே சவ்வு இருக்கட்டும்.