மாத்திரைக்கு மசியாத காசநோய்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இதுவரை ஒரு டி.பி. மாத்திரைகூட விழுங்காத என் தம்பிக்கு, முதல் சளிப் பரிசோதனையிலேயே 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு' என்று வந்திருக்கிறது. மருந்தைப் பாதியில் விட்டவர்களுக்குத்தானே இது வரும்?
வாசகர், மேலூர்

பாதியில் விட்டவர்களுக்கும் வரும். அவர்கள் இருமிய காற்றைச் சுவாசித்தவர்களுக்கும் வரும். உங்கள் தம்பி இரண்டாம் வகை.

முதல் வகை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நுரையீரலில் பெரிய ஓட்டை விழுந்த நோயாளியிடம் பத்து கோடி முதல் நூறு கோடி வரை கிருமிகள் இருக்கலாம். பெருகும்போது கிருமியின் மரபணுவில் எழுத்துப் பிழைகள் விழுகின்றன. காசநோய்க்கு முக்கியமான மருந்துகள் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின். சுமார் பத்து லட்சம் கிருமியில் ஒன்று ஐசோநியாசிட்டுக்கும், பத்து கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் அடங்காமல் தற்செயலாகவே பிறக்கிறது. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்துவிட, அந்தச் சிலது மட்டும் மிஞ்சிப் பெருகும். 1948-ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இதுதான் நடந்தது: முதலில் தேறினார்கள், பிறகு பெரும்பாலோரின் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. இரண்டு மருந்துக்கும் ஒரே கிருமி தப்பிப் பிறக்க நூறு லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்பதால், நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறோம்.

அப்படி ஒருவர் உடம்பில் தேறிய கிருமி, அடுத்தவர் நெஞ்சுக்குப் போகும்போது தன் எதிர்ப்பையும் கூடவே எடுத்துப் போகிறது. 2014–16-ல் இந்தியா முழுக்க நடந்த மருந்து எதிர்ப்புக் கணக்கெடுப்பில், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களில் 11.6 சதவீதம் பேருக்கு எம்.டி.ஆர். காசநோய் இருந்தது. அதாவது ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத நோய். புதிய நோயாளிகளில் அது 2.84 சதவீதம். சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் புதியவர்களின் தலைக்கணக்கு பல மடங்கு என்பதால், மருந்தே தொடாமல் எம்.டி.ஆர். வந்தவர்கள் அபூர்வம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் துகேலா ஃபெரியில் 2006-ல் வெளிவந்த தகவல் இன்னும் கடுமை: ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தே சாப்பிட்டதில்லை. மரபணு பார்த்த கிருமிகளில் பெரும்பாலானவை ஒரே சாயலில் இருந்தன. பலருக்கு ஆஸ்பத்திரி வார்டிலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

ஆகவே தம்பியைத் திட்டாதீர்கள். கடந்த இரண்டு வருடத்தில் யாரோடு ஒரே அறையில், ஒரே வேனில், ஒரே பட்டறையில் இருந்தார், அவர்களில் யார் இருமினார் என்று யோசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கல் குவாரியில் வேலை என்றால் அதையும் சொல்லட்டும். கல்தூசி படிந்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். இன்னொன்று: மூன்று வார இருமலுக்கு மெடிக்கல் ஷாப்பில் 'நெஞ்சுச் சளி மாத்திரை' என்று ஆஃப்லாக்சசின், லீவோஃப்லாக்சசின் கேட்டு வாங்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய. அது எம்.டி.ஆருக்கு வைத்திருக்கும் ஆயுதத்தின் குடும்பம். ஐந்து நாள் சாப்பிட்டால் இருமல் கொஞ்சம் அடங்கும், நோய் மறையும், எதிர்ப்பு வளரும். தம்பி அப்படிச் சாப்பிட்டிருந்தால் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

கணவருக்கு எம்.டி.ஆர். இப்போது 15 வயது மகளுக்கும் டி.பி. இருவருக்கும் ஒரே கிருமிதானா? மரபணு பார்த்து உறுதியாகச் சொல்ல முடியுமா?
வாசகி, செல்லூர்

சொல்ல முடியும், ஆனால் உங்கள் மகளின் சிகிச்சைக்கு அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கிருமிக்கும் வம்சாவளி உண்டு. அதன் மரபணுவில் சுமார் 44 லட்சம் எழுத்துகள். இரண்டு வருடத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்துதான் மாறுகிறது, அவ்வளவு மெதுவான பிராணி. இருவரின் கிருமிகளையும் முழுதாகப் படித்து, வித்தியாசம் 5 எழுத்துக்குள் என்றால் சமீபத்தில் பரவியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 12-ஐத் தாண்டினால் நேரடித் தொடர்பில்லை. இது யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லாது. இருவருக்குமே மூன்றாம் ஆள் ஒருவர் கொடுத்திருக்கலாம்.

இதற்கு முன் 1990-களில் உலகம் முழுக்க வேறொரு 'கைரேகை' புழங்கியது. கிருமியின் மரபணுவில் ஐஎஸ்6110 என்ற துண்டு எத்தனை இடத்தில் செருகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பல நாட்டுக் கிருமிகளில் அது பத்துப் பன்னிரண்டு இடத்தில் இருக்கும், அடையாளம் சுலபம். நம் தென்னிந்தியக் கிருமிகளில் கணிசமானவற்றில் அது ஒரே இடத்தில்தான், சிலவற்றில் இல்லவே இல்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரே கைரேகை என்றால் போலீஸ் என்ன செய்யும்? அதனால் 43 இடைத்துண்டுகளைப் பார்க்கும் ஸ்பாலிகோடைப்பிங், 24 இடங்களில் எத்தனை தடவை ஒரே துண்டு திரும்ப வருகிறது என்று எண்ணும் முறை என இங்கே வேறு வழிகள் தேவைப்பட்டன. இப்போது முழு மரபணு வாசிப்பு அவற்றை ஓரங்கட்டுகிறது.

உங்கள் கையிலிருக்கும் காகிதங்களிலேயே கொஞ்சம் துப்பு கிடைக்கும். எந்த மருந்தை எதிர்க்கும் மரபணுப் பிழை இருக்கிறது என்று காட்டும் சோதனை எல்.பி.ஏ. இருவரின் எல்.பி.ஏ. அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணவரின் கிருமி ரிஃபாம்பிசினை எதிர்த்து, மகளின் கிருமி அதற்கு அடங்கினால், மகளுக்கு நோய் வேறெங்கோ வந்தது என்று கருதலாம். நம் ஊரில் இது நடப்பதுதான், காசநோய் வீட்டுக்கு வெளியேயும் நிறைய இருக்கிறதே. ஆனால் இருவருக்கும் ஒரே பிழை இருந்தால் ஒரே கிருமி என்று முடிவு கட்ட முடியாது. ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்கு ஆர்பிஓபி என்ற மரபணுத் துண்டில் ஒரு குறிப்பிட்ட இடத்துப் பிழைதான் உலகெங்கும் அதிகம். சம்பந்தமே இல்லாத இருவரிடமும் அதே இருக்கும்.

முக்கியமானது, மகளுக்குத் தனியாகச் சளி எடுத்து எதிர்ப்புப் பரிசோதனை செய்வது. 'அப்பாவுக்கு எம்.டி.ஆர்., அதனால் இவளுக்கும்' என்று அனுமானத்தில் நிறுத்திவிட வேண்டாம். காலையில் எழுந்ததும், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சை இழுத்து இருமி வரும் கெட்டிச் சளி, குறைந்தது 2 மில்லி. எச்சிலைக் கொடுத்தால் 'கிருமி இல்லை' என்றுதான் வரும்.

சி.பி.நாட் சோதனையில் 'கிருமி மிகக் குறைவு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு' என்றார்கள். மறுபடி செய்தபோது எதிர்ப்பு இல்லை. எதை நம்புவது?
வாசகர், உசிலம்பட்டி

இந்தக் குழப்பம் உண்மையிலேயே வரும். சி.பி.நாட் என்பது சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் இயந்திரம். எதிர்ப்புக்கு அது ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்துள்ள ஒரு பகுதியை மட்டும் பார்க்கிறது. இரண்டு மணி நேரத்தில் பதில் தருவதற்குக் காரணமும் அதுதான். சளியில் கிருமி மிகக் குறைவாக இருந்தால் சமிக்ஞை தாமதமாக வந்து, எதிர்ப்பு என்று தவறாகக் காட்டலாம். அதனால் புதிய நோயாளிக்கு இப்படி வந்தால் புதிய சளியில் திரும்பச் செய்வது முறை. இரண்டும் முரண்பட்டால் கல்ச்சர் செய்து, அதாவது சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, அதில் வளர்ந்த கிருமியை மருந்தோடு சோதிப்பார்கள். திரவ ஊடகத்தில் கிருமி வளரவில்லை என்று சொல்ல 42 நாள் வரை பார்ப்பார்கள். அதுவரை எந்தச் சிகிச்சை என்பது டாக்டரின் முடிவு. சும்மா இருப்பது மட்டும் கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எஸ்வாட்டினி நாட்டில் அந்த 81 எழுத்துக்கு வெளியே பிழை உள்ள கிருமி பரவி, இயந்திரத்தின் கண்ணில் படாமலே போனது. 'எதிர்ப்பு இல்லை' என்று வந்தும் இரண்டு மாதத்தில் எடை ஏறவில்லை, சளியில் கிருமி குறையவில்லை என்றால் கல்ச்சர் கேளுங்கள். மேலும், சாதாரண சி.பி.நாட் ஐசோநியாசிட்டைச் சோதிப்பதில்லை, அதற்கு எல்.பி.ஏ. வேண்டும். சிகிச்சை முடிந்ததா என்று பார்க்கவும் சி.பி.நாட் உதவாது, செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும்.

பீஜிங் வகைக் கிருமி பயங்கரமானது என்கிறார்களே, அது நம் ஊரிலும் இருக்கிறதா?
மாணவர், வாடிப்பட்டி

இருக்கிறது, ஆனால் இங்கே அது சிறுபான்மை. தமிழ்நாட்டில் அதிகம் காணப்படுவது இந்தியப் பெருங்கடல் வட்டாரத்துக்குரிய முதலாம் மரபுவழி (கிருமிக் குடும்பங்களுக்கு ஆய்வாளர்கள் இப்படி எண் இட்டிருக்கிறார்கள்). வட இந்தியாவில் மூன்றாம் மரபுவழி. பீஜிங் இரண்டாம் மரபுவழியைச் சேர்ந்தது. அதற்கும் எம்.டி.ஆருக்கும் பல நாடுகளில் நெருக்கம் தெரிகிறது. அதற்காக நம் கிருமி சாது என்று நினைத்துவிட வேண்டாம், எந்த மரபுவழியும் எதிர்ப்பைக் கற்கும். வெளிமாநிலத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புவோரோடு கிருமிகளும் ஊர் மாறுகின்றன.

தட்டு, டம்ளரைப் பிரிக்க வேண்டுமா?
வாசகி, திருமங்கலம்

வேண்டாம். இது பாத்திரத்தில் ஒட்டாது, காற்றில் மிதக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், தூங்கும் அறையைப் பிரியுங்கள். நோயாளி முகக்கவசம் போடட்டும், சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும்.

ஆறு மாத புதிய மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம். பாதம் மரத்துப்போகிறது. ஒன்றை நிறுத்திவிடலாமா?
வாசகர், தோப்பூர்

நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் நாளைக்கே காட்ட வேண்டும். பெடாகுவிலின், ப்ரெடோமனிட், லினெசோலிட், மொக்சிஃப்லாக்சசின் நான்கும் சேர்ந்த இந்த எம்.டி.ஆர். சிகிச்சைக்கு 2024-ல் இந்தியா அனுமதி கொடுத்தது. மரத்துப்போவது பெரும்பாலும் லினெசோலிட்டின் வேலை. டாக்டர் அளவைக் குறைக்கலாம், சில நாள் நிறுத்தலாம். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைத்தால், முதல் கேள்வியில் சொன்ன கணக்கு உங்கள் நெஞ்சிலேயே நடக்கும்.

பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றைக்கே போங்கள், அது கண் நரம்பு. மூச்சு வாங்கினால் ரத்தம் குறைந்திருக்கலாம். படபடப்பு, மயக்கம் வந்தால் ஈ.சி.ஜி. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் லினெசோலிட் கொடுப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், இன்றாவது சொல்லிவிடுங்கள். வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிடோ இரும்புச்சத்து மாத்திரையோ சாப்பிட்டால், மொக்சிஃப்லாக்சசினை விழுங்கி நான்கு மணி நேரம் போன பிறகு சாப்பிடுங்கள். சேர்த்து விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது.

எம்.டி.ஆர். உள்ளவர் வீட்டுக் குழந்தைகளுக்குத் தடுப்பு மாத்திரை உண்டா?
வாசகி, அலங்காநல்லூர்

உண்டு, ஆனால் வழக்கமான ஐசோநியாசிட் தடுப்பு இங்கே பெரும்பாலும் வீண், அந்தக் கிருமி அதற்கு அடங்காது. முதலில் குழந்தைக்கு நோயே இல்லை என்று எக்ஸ்ரே உட்பட உறுதி செய்ய வேண்டும். பிறகு, நோயாளியின் கிருமி ஃப்லாக்சசின் வகைக்கு அடங்குவதாக இருந்தால், ஆறு மாதம் தினமும் லீவோஃப்லாக்சசின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-ல் பரிந்துரைத்தது. எடைக்கேற்ற அளவு. ஆகவே குழந்தையைக் கூட்டிப் போகும்போது நோயாளியின் எல்.பி.ஏ. அறிக்கையையும் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் மாத்திரை எழுத முடியாது.