சேர்வர் சான்றிதழ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை நிறுவியதும் அப்பாச்சி என்ற சேர்வர் மென்பொருள் இயங்க மறுக்கிறது. திறவுகோல் பொருந்தவில்லையாம். (வெள்ளவத்தை)

பதில்: சிஎஸ்ஆர் கோப்பை, அதாவது சான்றிதழ் கேட்டு வழங்குநருக்கு அனுப்பும் கோரிக்கையை, இரண்டு முறை உருவாக்கியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் கருவியில் ‘நியூகீ’ தெரிவுடன் கட்டளையிடும் ஒவ்வொரு முறையும் புதிய தனித் திறவுகோல் (உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டிய இரகசியக் கோப்பு) உருவாகும். அதே கோப்புப் பெயரைக் கொடுத்தால் பழையது அழிந்துவிடும். உங்கள் கைக்கு வந்த சான்றிதழோ முதல் கோரிக்கைக்கு உரியது. சான்றிதழிலிருந்தும் தனித் திறவுகோலிலிருந்தும், யாரும் பார்க்கக்கூடிய அதன் இணையான பொதுத் திறவுகோலைப் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் காப்புப் பிரதிகளில் தேடுங்கள்; அங்கும் இல்லையென்றால் புதிய சிஎஸ்ஆரை அனுப்பி, சான்றிதழை மறுபடி வழங்கச் சொல்லுங்கள். தொலைந்த திறவுகோலை வழங்குநரிடம் கேட்டுப் பயனில்லை. அது அவர்களிடம் போனதே இல்லை.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னைக் கலங்க வைத்தது. சரிபார்ப்பதற்காகத் தனித் திறவுகோலை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். சிஎஸ்ஆரை யாருக்கும் அனுப்பலாம். அதில் இருப்பவை பொதுத் திறவுகோலும் தளத்தின் பெயர் போன்ற விவரங்களுமே. தனித் திறவுகோல் வைத்திருப்பவரோ உங்கள் தளமாகவே வேடமிடலாம். நண்பர் நல்லவர்தான், அவருடைய தொலைபேசி யார் கைக்குப் போகும் என்பது யாருக்குத் தெரியும்? அனுப்பிய திறவுகோலை இனிப் பயன்படுத்தாதீர்கள். அதற்குரிய சான்றிதழ் இருந்தால் உடனே இரத்துச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: சிஎஸ்ஆரில் நாடு என்ற இடத்தில் ‘ஸ்ரீலங்கா’ என்று இட்டால் ஏற்கவில்லை. (கொட்டாஞ்சேனை)

பதில்: இரண்டெழுத்துக் குறியீடு மட்டுமே செல்லும்: ஆங்கிலத்தில் எல், கே.

கேள்வி: எங்கள் தளத்தின் பெயர் ‘டொட் இலங்கை’ என்று முடிகிறது. தமிழில் எழுதிய சிஎஸ்ஆரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: தமிழ்ப் பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு என் மகிழ்ச்சி. ஆனால் சான்றிதழுக்குள் அந்தப் பெயர் பியூனிகோட் (தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் முறை) வடிவில் இருக்க வேண்டும். தமிழில் அமைந்த ஒவ்வொரு பகுதியும் எக்ஸ், என், இரண்டு சிறுகோடுகள் என்று தொடங்கும். கையால் எழுதாமல், மாற்றித் தரும் கருவியிலிருந்து நகலெடுங்கள். பொதுப் பெயர் என்ற இடத்தில் மட்டும் இட்டு நிறுத்தாமல், மாற்றுப் பெயர்ப் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். 2017இல் வந்த குரோம் 58 முதல் அந்த உலாவி பொதுப் பெயரைப் பொருட்படுத்துவதில்லை.

கேள்வி: கணினியில் தளம் திறக்கிறது, ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் எச்சரிக்கை வருகிறது. சேர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ்.

பதில்: உங்கள் சான்றிதழை வழங்குநரின் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கும். கணினி உலாவிகள் பலவும் அதைத் தாமாகவே தேடிக்கொள்வதால் குறை வெளியே தெரிவதில்லை. ஒரே கோப்பில் முதலில் உங்கள் சான்றிதழ், அதன் கீழே இடைநிலைச் சான்றிதழ் என்ற வரிசையில் வையுங்கள்.

கேள்வி: சான்றிதழைத் தானாகப் பெற்றுத்தரும் செர்ட்பொட் கருவி மூலம் புதுப்பிக்கும்போது இணைப்புக் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. இனிக் கையாலேயே செய்யலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: வேண்டாம். தளம் உங்களுடையதுதானா என்று வழங்குநர் பார்க்கும் எச்டிடிபி முறைச் சரிபார்ப்பு, சேர்வரின் 80ஆம் போர்ட் (இணைப்பு வாயில்) வழியாகவே நடக்கும். பாதுகாப்புக்கென்று அதை ஃபயர்வோலில் மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாட்கள், 2029 மார்ச் 15 முதல் 47 நாட்கள் என்று குறைக்கப்படுகிறது. கையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. போர்ட்டைத் திறந்தபின் ‘டிரை ரன்’ தெரிவுடன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.