அமெரிக்கக் கால்பந்து ரசிகராக, நல்ல குவார்ட்டர்பேக்குக்கு அடையாளம் எது என்பீர்கள்? அமெரிக்கா பிற நாடுகளில் படையிறக்குவது பற்றி உங்கள் கருத்து என்ன?

அட்லாண்டா பக்கம் குடியிருக்கிறேன், ஃபால்கன்ஸ் அணியின் ரசிகன். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஏறக்குறைய ஒரே பதில்தான், அதனால் சேர்த்தே சொல்கிறேன். கை மீறிப் போன ஒரு முயற்சியை அங்கேயே விட்டுவிடத் தெரிந்தவர்தான் நல்ல குவார்ட்டர்பேக். அமெரிக்க அரசுக்குப் போர் விஷயத்தில் அது அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். முட்டை வடிவப் பந்து. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் குவார்ட்டர்பேக் கைக்குத்தான். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் அரணாக நிற்பார்கள். அந்த அரண் தாங்குவது இரண்டரை வினாடி, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்குள் யாருக்கு எறிவது, ஓடுவதா, விட்டுவிடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். கோச்சின் குரல் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் கேட்கும்தான். ஆனால் அந்த முயற்சியைத் தொடங்க 15 வினாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அப்புறம் அவர் தனி ஆள்.

டிவியில் எல்லோரும் கொண்டாடுவது கை வலிமையை. அறுபது யார்டு பறந்து போய், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் கையில் விழும் பந்தை யாருக்குத்தான் பிடிக்காது, எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் உற்றுப் பார்ப்பது வேறு ஒன்றை. முதல் ரிசீவரை மறித்துவிட்டார்கள், இரண்டாவது ஆளுக்கும் வழியில்லை, இடப்பக்கத்தில் அரண் உடைந்து ஒருவர் பாய்ந்து வருகிறார். அந்த நொடியில் பக்கவாட்டில் நகர்ந்து, பந்தை யார் கைக்கும் எட்டாதபடி எல்லைக்கோட்டுக்கு வெளியே எறிந்துவிடுகிறவர்தான் என் கண்ணுக்குப் பெரிய ஆட்டக்காரர். கூட்டம் முணுமுணுக்கும். கணக்கில் அது வீணான எறிதல் என்றுதான் ஏறும். ஆனால் பந்து இன்னும் நம்மிடம் இருக்கிறது, அடுத்த முயற்சியும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர் என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர் பிரெட் ஃபார்வ். அவர் கையில் இருந்த வேகம் லேசில் யாருக்கும் வாய்க்காது. 508 டச்டவுன், அதாவது பந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி கொடுத்த எறிதல்கள், எறிந்தவர். கூடவே 336 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணியின் கையில் போய் விழுந்த எறிதல்கள். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வரலாற்றில் வேறு யாரும் அத்தனை எறிந்ததில்லை. 2010 ஜனவரி 24, நியூ ஆர்லியன்ஸ். மினசோட்டாவுக்கு ஆடுகிறார். 28-28 சமநிலை, முழு நேரம் முடியச் சில வினாடிகள்தான் மிச்சம், ஜெயித்தால் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். வலப்பக்கமாக ஓடி வருகிறார், முன்னால் கொஞ்சம் வெட்டவெளி இருக்கிறது. சில யார்டு ஓடிக் கீழே விழுந்திருந்தால், தூரம் அதிகம்தான் என்றாலும், ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பதை, முயன்று பார்த்திருக்கலாம். அவரோ ஓடிக்கொண்டே, உடம்புக்குக் குறுக்காக, மைதானத்தின் நடுப்பக்கம் எறிந்தார். எதிரணியின் ட்ரேசி போர்ட்டர் பிடித்துவிட்டார். ஓவர்டைமில் நியூ ஆர்லியன்ஸ் 31-28 என்று வென்றது. அந்த எறிதலைத் துணிச்சல் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த ஆட்டத்தைத் தானே முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான் அதில் எனக்குத் தெரிகிறது.

எங்கள் ஊர்க் காயத்தையும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுல். மூன்றாவது கால்பகுதியில் ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னால் இருந்தது. கடைசியில் 34-28 என்று நியூ இங்கிலாந்திடம் தோற்றது. எல்லோரும் அந்த 28-3 பற்றியே பேசுவார்கள். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வேறு ஒரு நிமிடத்தை. ஸ்கோர் 28-20, ஆட்டம் முடிய நான்கே சொச்சம் நிமிடம். எங்கள் ரிசீவர் ஹூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டோரம் நம்ப முடியாத ஒரு கேட்ச் பிடித்து, எதிரணியின் 22 யார்டு கோட்டுக்கு அணியைக் கொண்டுவந்துவிட்டார். அங்கிருந்து ஃபீல்டு கோல் என்பது நாற்பது யார்டு உதை, எங்கள் கிக்கர் மேட் பிரையன்ட்டுக்குப் பழகிய தூரம். மூன்று புள்ளி சேர்ந்தால் 31-20, கதை முடிந்த மாதிரிதான். பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவில் இரண்டு தடவை ஓடிவிட்டு உதைத்தால் போதும். ஒரு ஓட்டத்துக்கு அப்புறம் வந்த உத்தரவு, எறிவதற்கு. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை முந்தின நாள்தான் வாங்கியிருந்த எங்கள் குவார்ட்டர்பேக் மேட் ரயன் பின்னால் நகர்ந்தார், பந்தைக் கையிலேயே வைத்திருந்தார், ட்ரே ஃப்ளவர்ஸ் வந்து மடக்கிக் கீழே தள்ளினார். 12 யார்டு போச்சு. அடுத்த முயற்சியில் ஒரு ஃபவுல், இன்னும் 10 யார்டு போச்சு. உதைக்கும் தூரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டோம். பந்தை எதிரணியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

தேவையே இல்லாத இடத்தில் எறியச் சொன்னவர் மேல் ஒரு பங்கு தவறு, வழியில்லை என்று தெரிந்தும் பந்தை விடாமல் வைத்திருந்தவர் மேல் ஒரு பங்கு. நான் போர்களைப் பார்ப்பதும் இப்படித்தான்: அனுப்பியது யார், விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது யார்.

செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்றே நாளில், 2001 செப்டம்பர் 14 அன்று, பிரதிநிதிகள் சபை 420-1 என்ற கணக்கில் அதிபருக்குப் படையைப் பயன்படுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. எதிர்த்து விழுந்த அந்த ஒரே வாக்கு கலிஃபோர்னியாவின் பார்பரா லீ போட்டது. வெளியேறும் வழியும் குறிப்பான இலக்கும் இல்லாத, முடிவே தெரியாத போருக்குள் இறங்கிவிடக் கூடாது என்றுதான் அவர் சபையில் சொன்னார். அதற்குக் கிடைத்தது கொலை மிரட்டல்கள், கூடவே போலீஸ் பாதுகாப்பு. அந்தத் தீர்மானத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. பின்னால் ஏமன், சோமாலியா, சிரியா வரைக்கும் அதே காகிதத்தைக் காட்டித்தான் தாக்கினார்கள்.

ஆப்கானிஸ்தானுக்குப் போனதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தாக்கியவர்களுக்கு அங்கே இடம் கொடுத்திருந்தார்கள், போக வேண்டியிருந்தது. 2001 டிசம்பருக்குள் தாலிபான் ஆட்சி விழுந்துவிட்டது. பின்லேடன் தோரா போரா மலைப்பகுதியிலிருந்து தப்பியது பெரிய இழப்புதான். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். பயங்கரவாதிகளைப் பிடிப்பது என்று இருந்த இலக்கு, ஒரு நாட்டையே கட்டியெழுப்புவது என்று மாறியது, பிறகு தாலிபானை வெல்வது, பிறகு ஆப்கன் ராணுவத்தைத் தயார் செய்வது. 2011 மே மாதம் பின்லேடன் பாகிஸ்தானில் கொல்லப்பட்டபோது, சரி, வந்த வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்கலாம். அதற்கு மேலும் பத்து வருடம் இருந்தார்கள். சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவருக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2,400-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இறந்தார்கள், ஆப்கன் மக்கள் அதைப்போல் பல மடங்கு. 2021 ஆகஸ்டில் கடைசி விமானம் கிளம்பும்போது காபூலில் மறுபடி தாலிபான்.

ஈராக்கைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இல்லாத ஆயுதத்தைத் தேடி 2003-இல் போனார்கள், அந்த நாட்டு ராணுவத்தை ஒரே உத்தரவில் கலைத்தார்கள், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான பேரை வேலையில்லாமல் தெருவில் விட்டார்கள்.

விடத் தெரிந்த சம்பவமும் ஒன்று உண்டு, 1991 வளைகுடாப் போர். குவைத்திலிருந்து ஈராக் படையை வெளியேற்றுவது என்று ஐ.நா. பாதுகாப்பு அவை வகுத்துக் கொடுத்த இலக்கு. தரைப்போர் நூறு மணி நேரத்தில் நிறுத்தப்பட்டது. பாக்தாத் வரைக்கும் ஏன் போகவில்லை என்று மூத்த புஷ்ஷைப் பல வருடம் திட்டினார்கள். அவர் மகன் போனபோதுதான் அப்பா ஏன் நின்றார் என்பது நாட்டுக்குப் புரிந்தது. அதே சமயம், சதாமுக்கு எதிராக எழுங்கள் என்று ஈராக் மக்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்து கொல்லப்பட்டபோது முதலில் கைகட்டி நின்றதை என்னால் மன்னிக்க முடியாது. நிறுத்தியது சரி. காக்க முடியாத வாக்கைக் கொடுத்தது அநியாயம்.

ஆட்டத்தையும் போரையும் ஓரளவுக்கு மேல் ஒப்பிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். பந்தை விடாமல் வைத்திருந்தால் விலா எலும்பு முறிவது அந்தக் குவார்ட்டர்பேக்குக்குத்தான். வாஷிங்டனில் முடிவெடுப்பவருக்கு ஒன்றும் முறிவதில்லை. முறிந்தது யாருக்கு என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு பேட் டில்மன் ஞாபகம்தான் வருகிறது.

அரிசோனா கார்டினல்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர், 40-ஆம் எண் சட்டை. மூன்று வருடத்துக்கு 36 லட்சம் டாலர் ஒப்பந்தம் மேஜையில் இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2002-இல் தம்பி கெவினோடு ராணுவத்தில் சேர்ந்தார். செப்டம்பர் 11-க்குப் பதில் சொல்லப் போனவரை முதலில் அனுப்பியது ஈராக்குக்கு. அந்தப் போர் சரியில்லை என்று கூட இருந்தவர்களிடம் அவர் சொன்னது பின்னால் வெளியே வந்தது. 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்த் மாகாணத்தில் ஒரு மலைப்பாதையில் இறந்தார். அவரைச் சுட்டது அவருடைய சொந்தப் படைப்பிரிவினர். உடன் இருந்தவர்களுக்கு அது உடனே தெரியும். அவருடைய சீருடையையும் கவச உடையையும் எரித்துவிட்டார்கள். எதிரியின் குண்டுக்கு நடுவே வீரமரணம் என்று எழுதி வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். மே 3 அன்று சான் ஹோசேயில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தை நாடே டிவியில் பார்த்தது. அதே படைப்பிரிவில், சற்றுப் பின்னால் வந்த வண்டியில் இருந்த தம்பிக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை. குடும்பத்துக்குச் சொல்ல ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவருடைய அம்மா வருடக்கணக்கில் விடாமல் கேள்வி கேட்டதால்தான் 2007-இல் காங்கிரஸ் குழு முன்னால் விசாரணை வரைக்கும் வந்தது. கெவின் அங்கே வந்து சாட்சி சொன்னார்.

லீக்கும் இதில் சுத்தம் இல்லை. ஆட்டத்துக்கு நடுவே சிப்பாய்களை நிறுத்திக் கைதட்டச் சொல்லும் நிகழ்ச்சிகளில் பலவற்றுக்கு ராணுவத் துறை அணிகளுக்குக் காசு கொடுத்திருந்தது என்று 2015-இல் செனட்டர்கள் மெக்கெய்னும் ஃப்ளேக்கும் அறிக்கை வெளியிட்டார்கள். பல விளையாட்டுகளின் அணிகளையும் சேர்த்து 68 லட்சம் டாலர் அப்படிப் போயிருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அடுத்த வருடம் என்.எஃப்.எல். 7 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. மனசார எழுந்து நின்று கைதட்டிய லட்சக்கணக்கான ரசிகர்களுக்கு இது விளம்பரம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய வலி.

தோற்ற அணி மறுநாளே உட்கார்ந்து முழு ஆட்டத்தின் வீடியோவையும் பார்க்கும். எந்த வினாடியில் யார் எங்கே நின்றார், யார் பிழை செய்தார் என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். ஆப்கன் போரிலும் அப்படி ஒரு பதிவு இருந்தது. அரசின் சிறப்புக் கண்காணிப்பு அலுவலகமே 400-க்கும் மேற்பட்ட அதிகாரிகளையும் தளபதிகளையும் பேட்டி எடுத்து வைத்திருந்தது. என்ன செய்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று உயர் பதவியில் இருந்தவர்களே அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் வெளியே சொல்லப்பட்டதோ முன்னேற்றம், முன்னேற்றம் என்று. வாஷிங்டன் போஸ்ட் மூன்று வருடம் சட்டப் போராட்டம் நடத்தி, 2019 டிசம்பரில்தான் அந்த ஆவணங்களை வெளியிட முடிந்தது.

எந்த நாட்டிலும் எப்போதும் தலையிடவே கூடாது என்பது என் கட்சி இல்லை. 1994-இல் ருவாண்டாவில் சுமார் நூறு நாளில் லட்சக்கணக்கான பேர் வெட்டிக் கொல்லப்பட்டபோது உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே படை போயிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். போவதற்கு முன்னால் காங்கிரஸ் ஒவ்வொரு போருக்கும் தனியாக வாக்களிக்க வேண்டும், இலக்கை எழுத்தில் வைக்க வேண்டும், அனுமதிக்கு முடிவுத் தேதி வேண்டும். தேதி வந்ததும் தொடர வேண்டுமானால் மறுபடி வந்து வாக்கு கேட்கட்டும். 2001 தீர்மானம் இருபது வருடம் தாண்டியும் ரத்தாகவில்லை. இங்கே குடியுரிமை வாங்கி வாக்குப் போடும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். உங்கள் தொகுதியில் வாக்கு கேட்டு வருபவரிடம், அதை ரத்து செய்ய வாக்களிப்பீர்களா, மாட்டீர்களா என்று நேராகக் கேளுங்கள். நான் கேட்கிறேன், பதிலைப் பார்த்துத்தான் என் வாக்கு.