வரியில்லாத் துறைமுகத்தால் செழித்தவர் யார்?

கேள்வி: ரோமானியர் காலத்தில் கிரேக்கத்தின் டெலோஸ் தீவும் பழைய பினாங்கைப் போல வரியில்லாத் துறைமுகமாக இருந்ததாமே? அதனால் சுற்றியிருந்த தீவுகளும் செழித்தனவா?
– வாசகர் ஒருவர், பீடோங், கெடா

பதில்: பினாங்கோடு ஒப்பிட்டது ஓரளவுக்குப் பொருந்தும். ஆனால் டெலோஸுக்கு அந்தச் சலுகை கிடைத்ததில் வணிக நோக்கத்தைவிடப் பழிவாங்கும் நோக்கமே மிகுதி. மாசிடோனியப் போரில் ரோமுக்கும் மன்னர் பெர்சியஸுக்கும் இடையே சமரசம் பேச முற்பட்ட ரோட்ஸ் தீவின் மீது சினங்கொண்ட ரோம், கி.மு. 166 வாக்கில் டெலோஸை ஏதென்ஸிடம் ஒப்படைத்து, அங்கே துறைமுக வரியை நீக்கியது. வணிகர்கள் அங்கே திரண்டார்கள். பத்து லட்சம் டிராக்மாவாக (கிரேக்க வெள்ளிக்காசு) இருந்த ரோட்ஸின் துறைமுக வருவாய் ஒன்றரை லட்சமாகச் சரிந்துவிட்டதென்று அத்தீவின் தூதர் ரோமில் முறையிட்டதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

டெலோஸின் பூர்வகுடிகளுக்கும் இதனால் நன்மையில்லை. ஏதென்ஸ் அவர்களை வெளியேற்றிவிட்டது. செழித்தவர்கள் வந்தேறிய வணிகர்களே, அதிலும் குறிப்பாக இத்தாலியர்கள். அவர்களது பெருஞ்சரக்கு மனிதர்கள்தாம்: ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றக்கூடிய துறை அது என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ. கூலிக் கப்பல் கதைகளைக் கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு அந்தச் செழிப்பை மெச்ச மனம் வராது. அதுவும் நூறாண்டு நீடிக்கவில்லை. கி.மு. 88ல் ரோமின் எதிரியான பொண்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸின் படையும் கி.மு. 69ல் கடற்கொள்ளையரும் சூறையாடிய பின் டெலோஸ் தலையெடுக்கவேயில்லை.

மற்ற சிறு தீவுகளின் நிலைக்குச் சான்றாகக் கியாரோஸ் தீவு ஒன்றே போதும். ஸ்டிராபோ சென்ற கப்பல் அங்கே நின்றபோது, வரிக்குறைப்புக் கேட்டு ரோமின் ஆட்சியாளர் அகஸ்டஸைக் காண்பதற்காக ஊரார் அனுப்பிய மீனவர் ஒருவர் அதில் ஏறினார்; நூறு டிராக்மா கட்டுவதற்கே திண்டாடும் ஊருக்கு விதிக்கப்பட்டிருந்த வரி நூற்றைம்பது. பிற்பாடு ரோம் அதே தீவை நாடுகடத்தும் இடமாக்கியது. கி.பி. 24ல் வைபியஸ் செரெனஸ் என்பவரை அங்கே அனுப்பலாமென்று செனட்டில் யோசனை எழுந்தபோது, தண்ணீரில்லாத தீவு என்று சொல்லிப் பேரரசர் டைபீரியஸே மறுத்து, அவரை அமோர்கோஸ் தீவுக்கு அனுப்பினார்.