பல்கலைக்கழக அருங்காட்சியகங்கள் தங்கள் வட்டாரக் கலைப்பொருள்களை எப்படிச் சேர்க்கின்றன? எல்லாம் காசு கொடுத்து வாங்கியவையா?

வேலை நிமித்தமாகக் கொல்கத்தாவில் சில வருடம் இருந்தேன். பழைய புத்தகம் தேடிக் காலேஜ் தெருவுக்குப் போனால், வெயிலுக்கு ஒதுங்குகிற சாக்கில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை வைத்தே சொல்கிறேன்.

1937-ல் தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய முதல் பொது அருங்காட்சியகம் அதுதான். முன்னாள் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரை வைத்தார்கள். அப்போது துணைவேந்தராக இருந்தவர் அவருடைய மகன் சியாமா பிரசாத். முதல் காப்பாட்சியர் தேவபிரசாத் கோஷ். முழுப் பெயர் ‘அசுதோஷ் இந்தியக் கலை அருங்காட்சியகம்’ என்று இருந்தாலும் மனசு முழுக்க வங்காளம்தான். அதுவும் சரியான முடிவு என்பேன். அதே ஊரில் 1814-லிருந்து இந்தியன் மியூசியம் இருக்கிறது, பர்குத் என்ற பழைய பௌத்த ஸ்தூபியின் கல்வேலியே அங்கேதான் நிற்கிறது. புதிதாக வந்தவர்கள் அதோடு போட்டி போடவா முடியும்? மண்பொம்மை, மரச்சிற்பம், படச்சுருள், பழந்துணி என்று, பெரிய மியூசியங்கள் அதுவரை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத பொருள்கள் பக்கம் போனார்கள்.

பழந்துணி என்று சொன்னது காந்தாவை. நைந்துபோன சேலை, வேட்டிகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். நடுவில் தாமரை, மூலைகளில் செடியோ மரமோ, இடையில் யானை, பல்லக்கு, சில சமயம் தொப்பி போட்ட வெள்ளைக்காரன்கூட. (நம் ‘கந்தை’யும் இதுவும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றுதான் நமக்குச் சொன்னார்கள், பூ வேலை செய்யச் சொல்லவில்லை!) இது கடைக்கு வருகிற சரக்கு கிடையாது. மகளுக்கோ பேரனுக்கோ தைத்தது, கிழிகிறவரை அந்த வீட்டிலேயே புழங்கும். ஆகவே காசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வந்து சேராது. கிராமத்துக்குப் போக வேண்டும், அந்த வீட்டுப் பெண்கள் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஸ்டெல்லா கிராம்ரிஷும் காந்தா சேர்த்தார். அவர் சேர்த்தவை இன்று ஃபிலடெல்பியாவில் இருக்கின்றன.

இன்னொரு வழி, தோண்டுவது. கல்லூரி மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் தூசியும் என்று நினைத்திருந்த எனக்கு இதுதான் ஆச்சரியம். 1938 முதல் 1941 வரை தினாஜ்பூர் மாவட்டத்துப் பாண்கரில் குஞ்ச கோவிந்த கோஸ்வாமி தலைமையில் பல்கலைக்கழகமே அகழாய்வு நடத்தியது. பிறகு 1950-களின் நடுவில் சந்திரகேதுகர். கொல்கத்தாவிலிருந்து வடகிழக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கே கிடைக்கும் சுடுமண் பலகைகள், உள்ளங்கை அளவில், கொண்டை ஊசி முதல் ஒட்டியாணம் வரை அச்சுப் பிசகாமல் எடுத்த பெண் உருவங்கள். பெரும்பாலும் கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னுமான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

அந்தப் பலகைகள் உலகமெங்கும் சந்தையில் சுற்றின, போலிகளும் சேர்ந்தே சுற்றின. பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் எந்தக் குழியில் எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் அதிலிருந்து காலத்தைக் கறக்க முடியாது. அகழாய்வில் எடுத்ததற்கு அந்த விவரம் எல்லாம் இருக்கும். ஒரு பொருள் உள்ளே வந்ததும் பதிவேட்டில் எண் போட்டு, ஊர், வந்த வழி, தேதி, கொடுத்தவர், அளவு, இருக்கும் நிலை எல்லாம் எழுதி, அதே எண்ணைப் பொருளின் மேலும் கண்ணுக்கு உறுத்தாத இடத்தில் எழுதுகிறார்களே, அந்தக் குமாஸ்தா வேலைதான் என்னைக் கேட்டால் மியூசியம்.

நன்கொடையாக வருவதும் உண்டு, விலைக்கு வாங்குவதும் உண்டு. வாங்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன். வியாபாரி ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னால் யார் போய்ப் பார்ப்பது?

1960-ல் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான செனட் ஹவுஸை, அந்தப் பெரிய தூண்களோடு, இடித்துவிட்டார்கள். அங்கிருந்த மியூசியமும் இடம் மாற வேண்டியதாயிற்று. இப்போது இருப்பது நூற்றாண்டுக் கட்டடத்தில்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. ஒரு மேளாவில் நூறு ரூபாய்க்கு மண்ணில் செய்த ஆட்டுத்தலை ஒன்று வாங்கினேன். விற்றவன் அடித்துச் சொன்னான், ரொம்பப் பழசு என்று. தொல்லியல் படித்த நண்பரிடம் காட்டினேன். எவ்வளவு பழசு என்று சொல்வார் என்று காத்திருந்தால், அவர் என்னைக் கேட்டார்: “எந்த ஊர்ல எடுத்தது?” எனக்கென்ன தெரியும். விற்றவனுக்கும் தெரிந்திருக்காது. இப்போது என் மேஜையில் மின்சார பில்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.